விழித்தெழாத கணினி: குறையறிந்து காக்கும் முறை

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு காலைப்பொழுதில், தமிழாசிரியராகிய நண்பர் ஒருவர் தம் மேசைக் கணினியின் விசையை அழுத்தினார். விளக்கு எரிந்தது; விசிறி சுழன்றது; ஆயினும் வழக்கமான காட்சி தோன்றவில்லை. கருந்திரையில் வெள்ளெழுத்தால் ஆன ஒரே ஒரு வரி மட்டும் நின்றது. ‘தொடங்குதற்குரிய கருவி எதுவும் காணப்படவில்லை’ என்பது அந்த ஆங்கில வரியின் பொருள்.

பழுது பார்க்கும் கடையொன்றிற்குக் கணினியை எடுத்துச் சென்றார். கடையினர் இரண்டொரு நிமிடம் பார்த்துவிட்டு, “வன்தட்டை முற்றும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்ற வேண்டும். உள்ளே இருப்பவை போய்விடும். சம்மதமா?” என்று கேட்டனர். உள்ளே இருந்தவை யாவை? 22 ஆண்டுகளாக அவர் எழுதித் தொகுத்த வினாத்தாள்கள், இலக்கணப் பயிற்சிகள், மாணவர்க்கென ஆக்கிய நாடகங்கள், தோட்டப்புறத்து முதியோரிடம் கேட்டெழுதிய தாலாட்டுகள் ஆகியன. இவற்றிற்கு வேறு படி கிடையாது.

நண்பர் சம்மதம் சொல்லவில்லை. கணினியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அன்றிரவு, “ஐயா, உள்ளே இருந்தவையெல்லாம் உண்மையிலேயே போய்விட்டனவா?” என்று நம்மைத் தொலைபேசியில் கேட்டார். அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கணினி எழவில்லை என்பது வேறு. கோப்புகள் அழிந்தன என்பது வேறு. நூலகத்தின் கதவு திறக்கவில்லை என்றால் நூல்கள் எரிந்துபோயின என்று எவரும் முடிவு கட்டார். பூட்டுப் பழுதா, சாவி தொலைந்ததா, அன்றிக் கட்டடமே இடிந்ததா என்று பார்த்த பின்னரே முடிவு செய்வர். கணினிக்கும் அங்ஙனமே செய்தல் வேண்டும்.

‘பூட்’ என்னும் சொல்

கணினி தொடங்குதலை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்பர். நம் மொழியிலுள்ள ‘பூட்டு’ என்னும் சொல்லோடு இதற்கு யாதோர் உறவும் இல்லை. ‘பூட்ஸ்டிராப்’ என்பதன் குறுக்கமே இது. முழங்கால்வரை ஏறும் காலணியை இழுத்து மாட்டுவதற்காக அதன் பின்புறம் தைத்திருக்கும் வாருக்கு அப்பெயர். ஒருவன் தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னை மேலே தூக்கிக்கொண்டான் என்பது, இயலாத செயலைக் குறிக்கும் ஆங்கில வழக்கு.

இவ்வழக்குக் கணினிக்கு ஏன் வந்தது? கணினி எச்செயலைச் செய்வதற்கும் அதன் நினைவகத்தில் ஒரு நிரல் இருந்தாக வேண்டும். ஆனால், மின்சாரம் நின்றவுடன் நினைவகம் வெறுமையாகிவிடும். மறுநாள் தட்டிலிருந்து நிரலைப் படித்து நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அங்ஙனம் படிப்பதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரல் எங்கிருந்து வரும்? இச்சிக்கலைத் தீர்க்கும் ஏற்பாட்டிற்கே அப்பெயர் அமைந்தது.

எழுதலின் ஐந்து படிகள்

ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து படிகளில் கணினி விழித்தெழுகிறது. இவற்றை மனத்திற் கொண்டால், குறை எப்படியில் உள்ளது என்பதை எளிதில் அறியலாம்.

முதற்படி மின்சாரம். மின்வழங்கி ஒழுங்கான அழுத்தத்தில் மின்சாரம் தந்தாலன்றிச் செயலி அசையாது.

இரண்டாம் படி தன்சோதனை. தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லில் நிலையாக எழுதப்பட்ட நிரல் உண்டு. பழைய கணினிகளில் இதனைப் ‘பயாஸ்’ என்றனர். அதன் இடத்தில் இப்போது ‘யுஇஎஃப்ஐ’ என்னும் புது அமைப்பு வந்துள்ளது. மின்சாரம் நின்றாலும் இது அழியாது. செயலி முதலில் படிப்பது இதனையே. நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவை உள்ளனவா என்று இது சோதிக்கும்.

மூன்றாம் படி தேடல். எந்தக் கருவியிலிருந்து தொடங்குவது என்னும் வரிசை ஒன்று முன்னமே குறிக்கப்பட்டிருக்கும். அவ்வரிசைப்படி விரலி, வன்தட்டு, பிணையம் என ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லும்.

நான்காம் படி ஏற்றி. வன்தட்டில் குறித்த இடத்திலுள்ள ஒரு சிறு நிரல் நினைவகத்திற்கு வரும். பழைய முறையில் அது தட்டின் முதற்கூறில் இருக்கும். அக்கூறின் அளவு 512 பைட்டு. அதில் 446 பைட்டு நிரலுக்கும், 64 பைட்டு தட்டு எங்ஙனம் பகுக்கப்பட்டது என்னும் அட்டவணைக்கும், இறுதி 2 பைட்டு முத்திரைக்கும் உரியன. புது முறையில் இவ்வேற்றி, தட்டிலுள்ள சிறியதொரு தனிப் பகுதியில் சாதாரணக் கோப்பாகவே வைக்கப்பட்டிருக்கும். மேலும், பகுப்பு அட்டவணையின் மறுபடி ஒன்று தட்டின் கடைசியிலும் எழுதப்பட்டிருக்கும். பழைய முறையில் இக்காப்பு இல்லை.

ஐந்தாம் படி இயங்குதளம். ஏற்றியானது விண்டோசையோ லினக்சையோ அழைத்துப் பொறுப்பை ஒப்படைக்கும். நாம் காணும் வழக்கமான திரை அதன் பின்னரே தோன்றும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கோப்புகளுக்கு இவ்வைந்து படிகளில் எதிலும் பங்கில்லை. முதற்கூறின் 512 பைட்டு கெட்டாலும் கணினி எழாது. ஆனால் அதே தட்டில் இலட்சக்கணக்கான பக்கங்கள் சிதையாமல் இருக்கும். கடையினரின் கூற்றை உடனே ஏற்கலாகாது என்றது இக்காரணம் பற்றியே.

எங்கே நிற்கிறது?

எனவே, கேட்க வேண்டிய முதல் வினா ‘எந்தப் படியில் நின்றது?’ என்பது.

விளக்கும் விசிறியும் அசையவில்லையெனின் குறை முதற்படியில் உள்ளது. வன்தட்டிற்கும் அதற்கும் தொடர்பில்லை. விசிறி சுழன்றும் திரை முற்றும் இருண்டிருந்தாலோ, கணினி விட்டுவிட்டுக் கூவினாலோ, குறை இரண்டாம் படியில் உள்ளது. நினைவகச் சில்லு தளர்ந்திருத்தல் இதற்குப் பெருவழக்கான காரணம். ‘தொடங்கும் கருவி இல்லை’ என்று திரை சொன்னால் குறை மூன்றாம் படியிலோ நான்காம் படியிலோ இருக்கும். விண்டோசின் சின்னம் தோன்றிய பிறகு நீலத்திரை வந்தால், ஏற்றி தன் கடமையைச் செய்துவிட்டது. குறை ஐந்தாம் படியைச் சார்ந்தது.

நண்பரின் கணினி நின்றது மூன்று, நான்கு ஆகிய படிகளுக்கு இடையில் என்பது இதனால் தெளிவாகும்.

சோதிக்கும் ஒழுங்கு

எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் சோதித்தல் முறை. எதனையும் எழுதாமல், அழிக்காமல் செய்யத்தக்க சோதனைகளே முதலில் வருதல் வேண்டும்.

ஒன்று: கணினியில் செருகியுள்ள விரலி, நினைவட்டை, வெளித்தட்டு ஆகிய யாவற்றையும் அகற்றி மீண்டும் தொடங்கிப் பார்க்க. தேடும் வரிசையில் விரலி முன் நின்றால், சில கணினிகள் அங்கேயே மயங்கி நின்றுவிடும்.

இரண்டு: மேசைக் கணினியாயின் சுவரிலுள்ள மின்னிணைப்பை நீக்கி, பெட்டியைத் திறந்து, வன்தட்டிற்குச் செல்லும் இரு வடங்களையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுக. ஒன்று மின்சாரம் தருவது; மற்றொன்று செய்தி கடத்துவது. பெட்டியை இடம் மாற்றும்போது இவை தளர்வதுண்டு. வேறு வடம் கையிலிருந்தால் மாற்றிப் பார்த்தலும் நன்று.

மூன்று: கணினி எழும்போது ‘எஃப்2’ அல்லது ‘டெலீட்’ விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் செல்க. விசை கணினிக்குக் கணினி வேறுபடும். அங்கே வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் காணப்படுகின்றனவா என்று பார்க்க. சோதனையெல்லாவற்றிலும் தலையாயது இதுவே. பெயர் காணப்பட்டால், தட்டின் மின்னணுப் பகுதி உயிரோடிருக்கிறது என்பது பொருள். குறை பெரும்பாலும் வரிசையிலோ ஏற்றியிலோ இருக்கும். பெயர் காணப்படவில்லையெனின், வடமோ செருகுவாயோ தட்டோ பழுதாகும்.

நான்கு: பெயர் காணப்பட்டால், தேடும் வரிசையில் அத்தட்டு இடம் பெற்றுள்ளதா என்றும், தொடங்கும் முறை பழையதா புதியதா என்றும் நோக்குக. பழைய முறையில் விண்டோஸ் ஏற்றிய தட்டைப் புது முறையில் தேடினால் கணினி கண்டுகொள்ளாது. புது முறையில் ஏற்றியதைப் பழைய முறையில் தேடினாலும் அவ்வாறே. தட்டு எதிரிலேயே இருக்க, ‘இல்லை’ என்று திரை சொல்வதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். எதை மாற்றுமுன்னும் முன்பிருந்த அமைப்பைத் தாளில் எழுதிக்கொள்க. அல்லது கைப்பேசியால் படமெடுத்துக்கொள்க.

ஐந்து: அத்திரையில் காட்டப்படும் நாளையும் நேரத்தையும் பார்க்க. இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தாய்ப்பலகையில் வெள்ளிக்காசு போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் நின்ற வேளையிலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. பல கணினிகளில் அமைப்புகளை நினைவில் வைப்பதும் அதுவே. சில ஆண்டுகளில் அது வலிவிழக்கும். சுவர் விசை போட்டபடியே இருக்குமளவும் இக்குறை வெளிப்படாது. விசையை நிறுத்திய பின்னரே வெளிப்படும். நாளும் ஆண்டும் பின்னோக்கிச் சென்றிருந்தால், குற்றவாளி மின்கலமே என்று கொள்ள இடமுண்டு.

தட்டு எழுப்பும் ஓசை

சுழலும் தட்டுள்ள கணினியாயின் காதும் ஒரு கருவியாகும். தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அதனைப் படிக்கும் முனை, தட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். அவ்விடைவெளியில் ஒரு தூசியும் புக இடமில்லை. 1956இல் வெளிவந்த முதல் வன்தட்டுப் பொறியில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை யாவும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்றைய தட்டோ கையளவே ஆயினும் அதனினும் பல இலட்சம் மடங்கு கொள்வது. நுண்மை மிக மிக ஊறும் மிகும் அன்றோ?

‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் ஓசை கேட்டால், முனை தன் இடத்தைக் காணாது தடுமாறுகிறது என்பது பொருள். அந்நிலையில் உடனே மின்சாரத்தை நிறுத்துக. ‘இன்னும் ஒரு முறை பார்ப்போம்’ என்று மீண்டும் மீண்டும் தொடங்குதல், முனையால் தட்டின் மேற்பரப்பை உழுவதற்கு ஒப்பாகும். தட்டின் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது. இத்தகைய தட்டைத் தூசற்ற அறையுள்ள மீட்பு நிலையத்தாரிடம் ஒப்படைப்பதே வழி. செலவு மிகுதியாகும், உள்ளிருப்பவற்றின் அருமையைக் கருதி முடிவு செய்தல் வேண்டும்.

சுழலும் பகுதியற்ற திடத்தட்டுகளும் இன்று பெருகியுள்ளன. அவை ஓசை எழுப்பா; சில வேளைகளில் முன்னறிவிப்பு ஏதுமின்றியே நின்றுவிடும். ஆகவே அவற்றைப் பயன்படுத்துவோர்க்கு மறுபடி வைத்திருத்தல் இன்னும் இன்றியமையாதது.

முதலில் மீட்பு, பிறகே பழுதுநீக்கம்

தட்டின் பெயர் காணப்படுகிறது; தீய ஓசையும் இல்லை; ஆயினும் கணினி எழவில்லை. இந்நிலையில் பலரும் செய்யும் பிழை, பழுதுநீக்கும் கட்டளைகளை உடனே ஓட்டுவது. தட்டைச் சரிபார்க்கும் சில கட்டளைகள் சிதைந்த இடங்களைத் திருத்துவதற்காகத் தட்டின்மேல் எழுதும். நலிந்த தட்டிற்கு அதுவே கேடாக முடியலாம். ஆகவே படியெடுத்தல் முந்துக, திருத்துதல் பிந்துக.

படியெடுக்க எளிய வழிகள் இரண்டு. தட்டைக் கழற்றி, வெளித்தட்டாக மாற்றும் உறையிலிட்டு, நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியில் இணைத்தல் ஒன்று. விரலியிலிருந்தே இயங்கும் லினக்சைக் கொண்டு கணினியை எழுப்பி, கோப்புகளை வெளித்தட்டிற்கு மாற்றுதல் மற்றொன்று. இரண்டாம் வழியில் செல்வோர் ‘நிறுவுக’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல், ‘நிறுவாமல் முயன்று பார்க்க’ என்பதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். தட்டில் சில இடங்கள் படிக்க முடியாமல் நின்றால், ‘டிடிரெஸ்கியூ’ என்னும் இலவச நிரல் உதவும். அது நல்ல இடங்களை முதலில் படித்து வைத்துக்கொண்டு, கெட்ட இடங்களைப் பின்னர் முயலும். வேறொரு கணினி தட்டைக் கண்டவுடன் ‘இதனைப் புதிதாக வடிவமைக்கவா?’ என்று கேட்டால், ‘வேண்டா’ என்றே விடையிறுக்க.

பல புதிய மடிக்கணினிகளில் தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். விண்டோசில் இதன் பெயர் ‘பிட்லாக்கர்’. வேறொரு கணினியில் இணைத்தாலும், அமைப்புத் திரையில் சிலவற்றை மாற்றினாலும், 48 இலக்கமுள்ள மீட்புத்திறவை அது கேட்கும். அத்திறவு இல்லாதார்க்குத் தட்டு திறவாது. கணினி நலமாயிருக்கும் இன்றே அதனைக் கண்டறிந்து ஏட்டில் எழுதி வைத்தல் அறிவுடைமை.

படியெடுத்து முடித்த பின்னர், விண்டோஸ் நிறுவும் விரலியைக் கொண்டு கணினியை எழுப்பி, ‘பழுது நீக்குக’ என்னும் வழியில் தொடக்கப் பழுதுநீக்கத்தை ஓட்டலாம். கெட்ட ஏற்றியை அது பெரும்பாலும் சீராக்கிவிடும். அதுவும் உதவாதபோதுதான் அழித்தேற்றுதல் கடைசி வழியாகும். அக்கடையினர் முதலில் சொன்னது இக்கடைசி வழியையே.

தமிழாசிரியர் மறக்கலாகாத ஒன்று

கோப்புகளை மட்டும் மீட்டால் போதாது. எழுத்துருக்களையும் மீட்டல் வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் 1985இல் வெளிவந்தது. அதனையடுத்துப் பல்வகை எழுத்துருக்கள் தோன்றின. ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தன்தன் போக்கில் எண் கொடுத்தது. உலகப் பொதுமுறையாகிய யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றது. ஆயினும் அது பரவலாக வழக்கிற்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. ஆதலின் அக்காலத்தில் தட்டெழுதிய பாடங்கள் பழைய எழுத்துருவையே நம்பி நிற்பவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அதுகண்டு, கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட்டோரும் உளர்.

ஆகவே, விண்டோஸ் அடைவினுள் இருக்கும் ‘ஃபாண்ட்ஸ்’ அடைவையும் உடன் படியெடுத்துக்கொள்க. பின்னர், ஓய்வு கிடைக்கும்போது மாற்றி நிரல்களைக் கொண்டு பழைய பாடங்களை யூனிகோடிற்கு மாற்றிவிடுதல் நன்று.

நண்பரின் கணினிக்கு நேர்ந்தது

நண்பரிடம் தொலைபேசி வழியே இவ்வொழுங்கில் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னோம். விரலி எதுவும் இல்லை. வடங்கள் இறுகியே இருந்தன. அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயர் காணப்பட்டது! “நாளைப் பாருங்கள், ஐயா” என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “பத்தாண்டுக்கு முந்திய நாளைக் காட்டுகிறதே!” என்றார்.

நடந்தது விளங்கிவிட்டது. இடி மின்னலுக்கு அஞ்சி, விடுமுறைக்கு முன் அவர் சுவர் விசையை நிறுத்திச் சென்றிருக்கிறார். வலிவிழந்த மின்கலத்தால் அமைப்புகளைக் காக்க இயலவில்லை. கணினி தொழிற்சாலையில் இருந்த அமைப்பிற்கே திரும்பி, தட்டைப் புது முறையில் தேடியது. தட்டோ பழைய முறையில் ஏற்றப்பட்டது. தொடங்கும் முறையை முன்போல் மாற்றியதும் கணினி எழுந்தது. உடனே கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளித்தட்டிற்குப் படியெடுத்தார். மறுநாள் சில வெள்ளி கொடுத்துப் புது மின்கலம் வாங்கிப் பொருத்தினார். தாலாட்டுகளில் ஒன்றும் குறையவில்லை. அவற்றைப் பாடிய முதியோருள் இருவர் இப்போது உயிரோடு இல்லை என்று அவர் பின்னர்ச் சொன்னார்.

எல்லாக் கணினிக்கும் இதுவே முடிவாகும் என்று கூறவில்லை. தட்டே மாய்வதும் உண்டு. அதற்கு மருந்து மறுபடி ஒன்றே. அருமையான கோப்பிற்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே இருக்கட்டும். படியெடுத்ததோடு நில்லாது, தவணைக்கு ஒருமுறையேனும் அப்படியைத் திறந்து பார்த்தலும் வேண்டும்.

மாணவன் ஒருவன் விடை சொல்லாது நின்றால், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நல்லாசிரியர் உடனே முடிவு கட்டுவதில்லை. எங்கே தடைப்பட்டான் என்று பொறுமையோடு பார்க்கிறார். எழாத கணினியின் முன்னும் அப்பொறுமை வேண்டும். ‘அழிக்கலாமா?’ என்று கேட்பார்க்கு ‘ஆம்’ எனச் சொல்லுமுன், ‘எங்கே நின்றது?’ என்று ஒரு முறை கேட்போமாக.